இரண்டு கோட்டுப் பச்சை

பளபளா என்று அவருக்குப் பெயர் வந்தது எப்படி என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எஞ்சின் இறக்கி வேலை பார்க்கிற மெக்கானிக்குகள் எங்கேயும் உண்டு. ஆனால் இறக்கிய எஞ்சினை மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, அது உட்காருகிற பள்ளத்துக்கும் காரின் நிறத்திலேயே புதிதாக அடித்து, பானெட்டைத் திறந்தால் தலை வாரிக்கொள்ளலாம் என்கிற அளவுக்குத் திருப்பிக் கொடுக்கிறவர் அவர் ஒருவர்தான். இதில் அவருக்கு உள்ளூர ஒரு கர்வம். ஒரு நாளைக்கு நாலு தடவை யாரையாவது கூப்பிட்டு பானெட்டைத் திறந்து காட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அப்படிப்பட்டவர் அந்தச் சனிக்கிழமை காலையில் பட்டறையின் தகரக் கதவைப் பாதி சாத்தி வைத்துக்கொண்டு, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று டீச்சரின் பச்சைக் காரைக் குடைந்துகொண்டிருந்தார்.

டீச்சர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். கார் அவருடைய அப்பா ஓட்டியது. டீச்சரைவிட இரண்டு வயது இளையது. போன மாதம் எஞ்சின் புகை கக்கிக்கொண்டு வந்தது. பளபளா இறக்கினார், பிரித்தார், செய்ய வேண்டியதெல்லாம் செய்தார், பெயிண்ட் அடித்தார், ஏற்றினார். பழைய வயர்கள் எலும்பாகக் காய்ந்துபோயிருந்ததால் வயரிங் முழுவதையும் அவருடைய மச்சினன் புதிதாக இழுத்துக் கொடுத்தான். மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. இரண்டு தெரு தள்ளி, ஒரு ஷட்டர் அகலத்துக்குக் கார் எலக்ட்ரீஷியன் கடை வைத்திருப்பவன். பேச்சு கம்மி, வேலை சுத்தம்.

கார் போய் ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு பேய் பிடித்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பத்து தடவை திருப்பினால் பதினோராவது தடவை முக்கி முனகிக் கிளம்பும். ஹெட்லைட்டைப் போட்டால் எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் விறுவிறுவென்று சிவப்புக்கு ஏறும். லைட்டை அணைத்தால் ஒன்றும் தெரியாத நல்ல பிள்ளை மாதிரி இறங்கிவிடும். எஞ்சினைத் தொட்டுப் பார்த்தால் சூடே இல்லை.

புதன்கிழமை டீச்சர் காரைத் தள்ளாத குறையாகக் கொண்டுவந்து நிறுத்தினார். எதிர் டீக்கடையில் காலைக் கூட்டம், ஏழெட்டுப் பேர் கிளாஸோடு நின்றிருந்தார்கள். பளபளா மச்சினனைக் கூப்பிட்டனுப்பினார். அவன் வந்து பானெட்டுக்குள் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தான். தலையை நிமிர்த்தாமலே கேட்டான்.

"அத்தான், இந்த எர்த் போல்ட்ட யாராவது கழட்டினீங்களா?"

"இல்ல," என்றார் பளபளா.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அந்த 'நல்லா யோசிச்சு'தான் அவரைச் சுட்டது. டீச்சர் நிற்கிறார், டீக்கடையில் வேறு வேடிக்கை பார்க்கிறார்கள், நேற்று முளைத்தவன் தன் பட்டறையில் வைத்துத் தன்னைக் கேள்வி கேட்கிறான் என்று ரத்தம் தலைக்கேறியது. அதற்கப்புறம் அவர் வாய் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"என்னடா யோசிக்கறது? இருபத்தாறு வருஷமா எஞ்சின் இறக்கி ஏத்தறேன், எனக்கு நீ பாடம் எடுக்கறியா? எஞ்சின்ல குண்டூசி அளவு குத்தம் காட்டு பாக்கலாம். உன் வயரிங்தான்டா கோளாறு. பழைய வயர ஒட்டுப் போட்டு மேல புது டேப்ப சுத்திட்டு வந்து நின்னா எனக்குத் தெரியாதா? அக்கா வீட்டு வேலைதானேன்னு ஏனோதானோன்னு பண்ணியிருக்க. டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்க, சொந்தக்காரன்னு இவன்கிட்ட குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

டீக்கடையில் ஒருவர் 'ச்சு' கொட்டினார். மச்சினன் பளபளாவை ஒரு தடவை பார்த்தான். கையை வேட்டித்துண்டில் துடைத்தான். ஒன்றும் பேசாமல் போய்விட்டான். டீச்சர் காரை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

இது சும்மா வாய்ச்சண்டையோடு போகிற காரியமாக இருந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டுச் சோற்றில் முடிந்திருக்கும். ஆனால் டீச்சரின் பள்ளிக்கூடத்தில் நாலு வேன் ஓடுகிறது. அந்த நாலுக்கும் வருஷம் பூரா எலக்ட்ரிக்கல் வேலை பார்க்க ஒரு ஆளை ஹெட்மிஸ்ட்ரஸ் தேடிக்கொண்டிருந்தார். டீச்சர்தான் மச்சினன் பேரைச் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் அந்த ஒரு ஷட்டர் கடை நிமிர்ந்துவிடும் என்று பளபளாவின் மனைவி ஒரு மாதமாக வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். புதன்கிழமைக்கு அப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

வியாழனும் வெள்ளியும் பளபளா மச்சினன் செய்த தப்பைக் கண்டுபிடித்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வேலை செய்தார். புது பேட்டரி மாட்டிப் பார்த்தார். 'டக்.' ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி மேஜையில் வைத்து ஓட்டினார், ராட்டினம் மாதிரிச் சுற்றியது. காரில் மாட்டினார். 'டக்.' பிறகு வயரிங்கைப் பிரிக்க ஆரம்பித்தார்.

மச்சினன் சுற்றியிருந்த டேப்பை ஒரு முனையில் பிடித்து உரித்தார். ஒட்டுப் போட்ட இடம் இதோ வரும், இதோ வரும் என்று உரித்துக்கொண்டே போனார். டாஷ்போர்டுக்குக் கீழேயிருந்து ஹெட்லைட் வரைக்கும் உரித்தார். ஒரு ஒட்டு இல்லை. இணைக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஈயம் வைத்துப் பற்றவைத்து, குழாய் மாட்டி, எந்த வயர் எங்கே போகிறது என்று துணுக்குக் காகிதத்தில் பொடி எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தான். 'ஹார்ன்.' 'பின் லைட் இடது.' ஒரு இடத்தில் 'இங்கே உரசும், கவனம்' என்று எழுதி ரப்பர் வைத்துக் கட்டியிருந்தான். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே ஒருவன் டேப்புக்கு உள்ளே இவ்வளவு அழகாக வேலை செய்திருக்கிறான். பளபளாவோ வெளியே தெரிகிற இடத்துக்கு மட்டும்தான் மெனக்கெடுவார். உரித்துப்போட்ட கறுப்பு டேப் காலடியில் குவியலாகக் கிடந்தது. ஆனாலும் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை.

சனிக்கிழமை காலை அவர் பானெட்டுக்குள் சாய்ந்து நின்றபடி, ஒரு துண்டு வயரை ஸ்டார்ட்டர் மோட்டாரில் தொட்டுத் தொட்டு அதை நேராகச் சுற்றவைத்துப் பார்த்தார். 'டக்.' மறுபடி. 'டக்.' இடது கை ஊன்றிக்கொள்ள வாகாக எதையோ பிடித்திருந்தது. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ சுரீர் என்றது. கையை உதறிக்கொண்டு பின்னால் குதித்தார். பிடித்திருந்தது ஆக்ஸிலேட்டர் கேபிளை. மிதிக்கிற கட்டையிலிருந்து எஞ்சினுக்குப் போகிற சாதாரணக் கம்பி அது. அதற்கும் கரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அதன் மேலுறை இளகிப் புகைந்துகொண்டிருந்தது.

விரல்களை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். இருபத்தாறு வருஷ அனுபவம் என்று பீற்றிக்கொண்டது பொய்யில்லை. அவருக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. பேட்டரியிலிருந்து கிளம்புகிற கரண்ட் வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வர ஒரு வழி வேண்டும். எஞ்சின் ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்டைக் கடத்தாது. அதனால் எஞ்சினுக்கும் காரின் பாடிக்கும் நடுவே ஒரு செம்புப் பட்டையை முறுக்கி வைத்திருப்பார்கள். அதுதான் எர்த். அந்த வழி அடைபட்டதால், கரண்ட் சந்துபொந்து தேடி இந்தக் கம்பி வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது.

அவர் பட்டையைப் பார்த்தார். இருந்தது. போல்ட்டும் இறுக்கமாக இருந்தது. போல்ட்டின் தலை பச்சையாக இருந்தது.

ஸ்பேனர் போட்டுக் கழற்றினார். பட்டையின் காதுக்கு அடியில் வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல், பச்சைப் பெயிண்ட். துளைக்குள்ளும் பெயிண்ட். நடுவே பெயிண்ட் இருந்தால் செம்பு இரும்பைத் தொடாது. தொடாவிட்டால் கரண்ட் போகாது. போல்ட்டின் மரையில் எங்கேயோ கொஞ்சம் இரும்பு உரசிக்கொண்டிருந்ததால் கார் ஒரு வாரம் ஓடியிருக்கிறது.

அது எப்படி வந்தது என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கார் கொடுக்கிற அன்று காலை, கடைசியாக ஒரு தடவை அழகு பார்க்கலாமென்று பானெட்டைத் திறந்தார். தான் குழந்தையைப் போலப் பார்த்துப் பார்த்து அடித்த பெயிண்டில், அந்தப் போல்ட்டைச் சுற்றி மட்டும் பூனை பிறாண்டின மாதிரி இரும்பு தெரிந்தது. மச்சினன் சுரண்டியிருந்தான். 'என் வேலையில நகம் வச்சுட்டானே' என்று அவருக்கு எரிச்சல். போல்ட்டைக் கழற்றி, பட்டையை ஒதுக்கி, ஒரு கோட் அடித்தார். காய்ந்ததும் இன்னொரு கோட். பிறகு மாட்டி, போல்ட்டின் தலைக்கும் பூசினார். எல்லாம் அரை மணி நேர வேலை. மச்சினனிடம் சொல்லவில்லை. புதன்கிழமை அவன் கேட்டபோது, 'இல்ல' என்று சொன்னபோது, அந்த அரை மணி நேரம் அவருக்கு மறந்தா போயிருந்தது? இல்லை. மனசின் ஓரத்தில் இருந்தது. யோசிக்கச் சொன்னான் அவன். யோசித்தால் வந்துவிடும் என்றுதான் அவர் கத்தினார்.

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சுரண்ட இரண்டு நிமிஷம் ஆயிற்று. பட்டையை முறுக்கி, வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். சாவி திரும்பி முடிவதற்குள் கார் கிளம்பியது. லைட்டைப் போட்டார். முள் அசையவில்லை. கருகின கேபிளை மாற்றினார். பிரித்த வயர்களை அள்ளி, கிடைத்த டேப்பை எடுத்துச் சுற்றி, கண்ணில் படாமல் ஓரமாகச் செருகினார்.

சாயங்காலம் டீச்சர் வந்தார். கார் முதல் தடவையே கிளம்பியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப அவர் பண்ண தப்பத்தான் நீங்க கண்டுபிடிச்சீங்களா? எங்க இருந்துச்சு?"

சொல்லியிருக்கலாம். தெரு காலி, டீக்கடையைக்கூட அப்போது கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு ஆளிடம் ஒரே ஒரு வார்த்தை.

"எர்த்ல, டீச்சர்," என்றார். அது பொய்யில்லை. அதுதான் அதிலிருந்த அயோக்கியத்தனம்.

"நல்லவேளை, நேத்தே ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட அவர் வேண்டாம்னு சொல்லிட்டேன். வேற ஒருத்தர் வராரு. பிள்ளைங்க போற வண்டி, பாருங்க."

பளபளா தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மனைவி சோறு போட்டாள். வழக்கமாகத் தம்பிக்கும் சேர்த்து வைக்கிற மூன்றாவது தட்டு அலமாரியிலேயே இருந்தது. அவர் இடது கையால் தண்ணீர்ச் செம்பை எடுத்தபோது அவள் பார்த்துவிட்டாள்.

"கைல என்ன?"

"சைலன்சர் சுட்டுடுச்சு."

"சைலன்சர் சுட்டா பட்டையா இருக்கும். இது ரெண்டு விரல்லயும் கோடு போட்ட மாதிரி இருக்கு."

அவர் சோற்றைப் பிசைந்தார்.

"அன்னிக்கு உங்க ஷெட்டுலேருந்து நேரா இங்கதான் வந்தான்," என்றாள். "ஒரு வாய் தண்ணி குடிச்சான். 'அக்கா, ஒரு நாள் அத்தான் கைய ஒரு கம்பி சுடும். அன்னிக்கு அவருக்கே புரியும். அதுவரைக்கும் நீ ஒண்ணும் கேக்காத'ன்னு சொல்லிட்டுப் போனான். அதனாலதான் நான் கேக்கல."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தி ஒப்பேற்றியிருப்பார். ரசத்தை ஊற்றிவிட்டு அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் எத்தனையோ தடவை அவளிடம் தோற்றிருக்கிறார். வெட்கப்பட்டது இதுதான் முதல் தடவை.

கை கழுவி, சட்டையை மாட்டிக்கொண்டு நேராக டீச்சர் வீட்டுக்கு நடந்தார். டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சுரண்டியது, பூசியது, கேட்டது, மறுத்தது. நேற்றுச் சாயங்காலம் தலையாட்டியது உட்பட. சொல்லச் சொல்ல வியர்த்து ஊற்றியது.

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"அன்னிக்கு எத்தனை பேர் முன்னாடி அவரப் பேசினீங்க?"

"ஒரு... ஏழெட்டுப் பேர் இருக்கும்."

"இப்ப எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கீங்க?"

"உங்ககிட்ட."

"அப்ப ஆறேழு பேர் பாக்கி," என்றார் டீச்சர். கணக்கு டீச்சர் அல்லவா.

பளபளாவின் எதிரிலேயே ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் போன் செய்தார். பேசினார், கேட்டார், மறுபடி பேசினார். போனை வைத்தபோது முகம் சுருங்கியிருந்தது. வேறு ஆளுக்கு நேற்றே எழுத்து மூலமாகக் கொடுத்தாகிவிட்டது. ஒரு வருஷத்துக்கு மாற்ற முடியாது. "நானும்தான் விசாரிக்காம சொல்லிட்டேன்," என்றார் டீச்சர். அவராவது அதை உடனே சொன்னார்.

திங்கட்கிழமை காலை பளபளா மச்சினன் கடைக்குப் போய், "ஒரு டீ குடிக்கலாம் வா, மாப்ள," என்று கூப்பிட்டார். அவன் ஏன் என்று கேட்காமல் வந்தான். டீக்கடையில் அதே கூட்டம். பளபளா கிளாஸை வாங்கினார். ஒரு வாய்கூடக் குடிக்காமல் கிளாஸைப் பலகையில் வைத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. அன்னிக்கு டீச்சர் கார் விஷயத்துல இவனைப் பேசினேன்ல? தப்பு என்னோடது. இவன் சுரண்டி வச்ச இடத்துல நான் பெயிண்ட் அடிச்சேன். இவன் கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன். இவன் வயரிங் மாதிரி சுத்தமான வேலைய நான் பாத்தது இல்ல. அதையும் பிரிச்சு நாசம் பண்ணிட்டேன். பள்ளிக்கூட வேன் வேலையும் என்னாலதான் இவனுக்குப் போச்சு."

மூலையிலிருந்து ஒருவர், "எர்த்துக்கே பெயிண்டா? பளபளான்னு சும்மாவா பேர் வச்சாங்க," என்றார். கடையே சிரித்தது. பளபளா தலையைக் குனிந்துகொண்டு அந்தச் சிரிப்பு முடிகிற வரைக்கும் நின்றார். மச்சினன் சிரிக்கவில்லை. டீயை நிதானமாகக் குடித்து முடித்தான்.

டீச்சர் பள்ளிக்குப் போகிற வழியில் காரைப் பட்டறையில் விட்டிருந்தார். வயரிங்கை மறுபடி ஒழுங்காகக் கட்ட வேண்டுமே. இரண்டு பேரும் தெருவைக் கடந்து வந்தார்கள். மச்சினன் பானெட்டைத் தூக்கினான்.

"எனக்குத் தெரியும், அத்தான்," என்றான்.

"எது?"

"பெயிண்ட் அடிச்சது. அன்னிக்குக் குனிஞ்சதுமே பாத்துட்டேன். போல்ட்டுத் தலை பச்சையா இருந்துச்சு. நான் அத இரும்பாத்தான் விட்டுட்டுப் போனேன்."

பளபளாவின் முகத்தில் ஈயாடவில்லை. "தெரிஞ்சும் ஏன்டா வாய மூடிட்டுப் போன?"

"நான்தான் கேட்டேனே. ரெண்டு தடவ கேட்டேன். நீங்க 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சுரண்டி முறுக்கிட்டு, 'சின்ன லூஸ் கனெக்‌ஷன், டீச்சர்'னு சொல்லிட்டுப் போயிருப்பேன். நீங்க இல்லன்னுட்டீங்க. உங்க ஷெட்டுல, உங்க கஸ்டமர் முன்னாடி, அக்கா புருஷனப் பாத்து பொய் சொல்றீங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

டீக்கடைச் சிரிப்பை அவர் தாங்கிக்கொண்டுவிட்டார். இதைத் தாங்க முடியவில்லை. நாலு வேனும், கடை நிமிர்வதும், எல்லாம் அந்த நிமிஷம் அவன் கையில் இருந்திருக்கிறது. அவருடைய பளபளப்பில் ஒரு கீறல் விழக் கூடாதென்று அவன் அதைக் கீழே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினார்; கையெல்லாம் கிரீஸ்.

மச்சினன் அதைக் கவனிக்காதவன் போல உள்ளே கையை விட்டு, ஓரத்தில் செருகியிருந்த வயர்களை வெளியே இழுத்தான். கன்னாபின்னாவென்று சுற்றிய டேப், பிய்ந்துபோன துணுக்குக் காகிதங்கள். 'இங்கே உரசும், கவனம்' என்பதில் 'இங்கே' மட்டும் மிச்சம் இருந்தது. அவன் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். தலையை நிமிர்த்தாமலே, புதன்கிழமை கேட்ட அதே குரலில் கேட்டான்.

"அத்தான், இத யாரு பிரிச்..."

"நான்தான்," என்றார் அவர், கேள்வி முடிவதற்குள்.

"சரி. அப்ப இந்தப் பக்கம் வந்து, இந்த முனையப் பிடிங்க."